வலது கைக்கு ஒரு ஸ்தோத்திரம்

கட்டிங் மாஸ்டரைப் பொறுத்தவரை ஜெபம் என்றால் கேட்பது. காலையில் கண் விழித்ததும் கேட்பார், பல் துலக்கிக்கொண்டே கேட்பார், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் உதடு அசையும். சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடினால் தட்டில் இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை வராது, இல்லாததைப் பற்றித்தான் விலாவாரியாக வரும். "ஆமென் சொல்லுங்க, ஆறிப்போகுது" என்று மனைவி நடுவில் புகுந்து முடித்துவைப்பது வழக்கம்.

இப்படிக் கேட்கிறவராக அவர் பிறக்கவில்லை. யூனிஃபார்ம் தைக்கிற ஒரு பட்டறையில் அவர்தான் துணி வெட்டுகிறவர். நீளமான ஒரே அறை. ஒரு பக்கம் வரிசையாகத் தையல் மெஷின்கள், எதிர்ப்பக்கம் சுவரோடு ஒட்டிப் போட்ட பெரிய மரமேசை. அந்த மேசை அவருடையது. முதலாளியம்மாகூட அதன் மேல் பையை வைக்க யோசிப்பார். துணியை அடுக்கடுக்காக விரித்து, அட்டை அச்சை வைத்துச் சாக்கட்டியால் கோடு போட்டு, பெரிய கத்திரியை மாஸ்டர் உள்ளே விட்டாரென்றால் மறுமுனையில்தான் வெளியே எடுப்பார். நடுவில் நிறுத்துவது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

ஒரு நாள் மத்தியானம் அந்தக் கத்திரி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவரால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கவாதம் என்றார்கள் மருத்துவமனையில். போனது ஒவ்வொன்றாகத் திரும்பியது. முதலில் பேச்சு வந்தது. அதை மட்டும் கொஞ்சம் தாமதமாகக் கொடுத்திருக்கலாம் என்று மனைவி கேலி செய்வாள். அப்புறம் கால் வந்தது, தோள் அசைந்தது, முழங்கை மடங்கியது. வலது கையின் விரல்கள் மட்டும் வரவே இல்லை. பாதி மடங்கிய நிலையில் அப்படியே நின்றுவிட்டன. ஒரு கரண்டியைக்கூடப் பிடிக்காது.

பயிற்சி கொடுத்த பெண், இடது கையால் சாப்பிடவும் எழுதவும் பித்தான் போடவும் அவரைப் பழக்கிவிட்டாள். அதுவரைக்கும் ஒத்துழைத்தார். முதலாளியம்மா ஒரு நாள் வீட்டுக்கு வந்து, இடது கைக்காரர்களுக்கென்றே செய்த பெரிய கத்திரி ஒன்றைப் பெட்டியோடு கொடுத்துவிட்டுப் போனபோதுதான் மனிதருக்கு முகம் சுண்டிப்போயிற்று. சாதாரணக் கத்திரியை இடது கையில் பிடித்தால் இரண்டு அலகும் விலகிப்போகும், துணி நடுவில் மடங்கிக்கொள்ளும். இதில் அலகுகளை மாற்றிப் போட்டிருப்பார்கள். நல்ல மனதோடு வாங்கி வந்ததுதான். மாஸ்டருக்கு அப்படிப் படவில்லை. "கையாலாகாதவன்னு முடிவு கட்டிட்டாங்க" என்று பெட்டியைத் திறக்காமலே அலமாரி உச்சியில் தூக்கிப் போட்டார். இடது கையால் வெட்டப் பழகினால் வலது கை இனி வராது என்று ஆண்டவரிடமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்பது உள்ளூர அவருக்கிருந்த பயம்.

இதற்கிடையில் பட்டறையில் தினக்கூலிக்கு வந்து வெட்டிக்கொடுத்த ஆள் துணியை வீணாக்கிக்கொண்டிருந்தான். காலர் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி வந்தது. தைக்கிற பெண்கள் முணுமுணுத்தார்கள். முதலாளியம்மா போனில் சொல்லிவிட்டார்: "மாஸ்டர், நல்லா வேலை தெரிஞ்ச ஒருத்தர் நிரந்தரமா வரேங்கிறார். இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் என்னால தள்ளிப்போட முடியும். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க." அன்றிலிருந்து மாஸ்டரின் கேட்டல் இரட்டிப்பாயிற்று. மேசை போய்விடும் என்பதுதான் அவருக்கு ஒரே நினைப்பு.

அவர்கள் சபை ஒரு பெயின்ட் கடையின் மாடியில் கூடும். அங்கே ஆராதனையில் நன்றி சொல்ல ஒரு நேரம் உண்டு, விண்ணப்பம் சொல்ல ஒரு நேரம் உண்டு. முன்பெல்லாம் சாட்சி சொல்ல எழுந்தவர்கள் தாத்தா காலத்தில் ஆரம்பித்துப் பேரன் வரைக்கும் வந்துதான் உட்காருவார்கள். பிரசங்கம் தொடங்குவதற்குள் பாதிச் சபை தூங்கிவிடும். போதகர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு முறை வைத்தார். எழுந்து நிற்க வேண்டும், விஷயத்தின் பெயரை மட்டும் சொல்ல வேண்டும். 'மகளோட வேலை', 'வீட்டுக் கூரை', 'மாமியாரோட மூட்டு', அவ்வளவுதான். நன்றி நேரம் என்றால் சபை மொத்தமும் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சொல்லும். விண்ணப்ப நேரம் என்றால் "கேட்டருளும் ஆண்டவரே" என்று சொல்லும். கதை முழுக்க ஆண்டவருக்குத் தெரியும், நமக்குத் தெரிய வேண்டியதில்லை என்பது போதகரின் கட்சி.

மாஸ்டர் நன்றி நேரத்துக்கு மாடி ஏறுவதே இல்லை. "கிடைச்சவங்க சொல்லிக்கட்டும், எனக்கு அங்க என்ன வேலை" என்று கீழே கடைக் காவலாளியோடு டீ குடித்துக்கொண்டு நிற்பார். இரண்டாவது பாட்டு முடியும் சத்தம் கேட்டதும் ஏறுவார். கடைசி வரிசையில் நான்கைந்து பேர் எழுந்து நிற்பார்கள். இவரும் நிற்பார். முறை வந்ததும் "என் வலது கை" என்பார். "கேட்டருளும் ஆண்டவரே" என்று சபை சொல்லும். வந்த வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். அவருக்கு ரயிலைப் பிடிக்கிற அவசரம். அதனால் விண்ணப்பத்தை முதலிலேயே முடித்துவிட்டு, பிரசங்கத்தையும் வைத்துவிட்டு, நன்றியைக் கடைசிக்குத் தள்ளினார்கள். இதை மேலே அறிவித்தபோது மாஸ்டர் கீழே டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். பிரசங்கம் ஓடுவதைக் கேட்டு, இன்றைக்குப் பாட்டு தாமதம் போல என்று நின்றார். பாட்டு முடிந்ததும் ஏறினார். நான்கைந்து பேர் நின்றார்கள். நின்றார். அன்றைக்கு முதல் முறை அவருக்கே வந்தது.

"என் வலது கை."

"ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சபை கூரை அதிரச் சொன்னது.

மாஸ்டருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. முன்வரிசைப் பாடகர் குழுவில் இருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த அம்மா "பேத்தியோட காய்ச்சல்" என்றாள், சபை அதற்கும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டது. விளக்கம் சொல்வதற்குத்தான் அந்தச் சபையில் இடமில்லையே. ஆராதனை முடிந்ததும் ஆளாளுக்குச் சூழ்ந்துகொண்டார்கள். நன்றி நேரத்தில் ஒரு நாளும் தலை காட்டாத மனிதரே எழுந்து சொல்லியிருக்கிறார் என்றால் சும்மாவா? பாடகர் குழுத் தலைவர் கண் கலங்க, "கையைக் குடுங்க மாஸ்டர்" என்றார். மாஸ்டர் கையைப் பேன்ட் பையிலிருந்து எடுக்கவே இல்லை. "பஸ் போயிடும்" என்று முனகிக்கொண்டு படியிறங்கினார்.

விஷயம் அங்கேயே நின்றிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் பட்டறையில் காலர் தைக்கிற ரேடியோ அக்காவும் அதே சபைதான். அந்தப் பெயர் அவளுக்குச் சும்மா வரவில்லை. மறுநாள் காலை முதலாளியம்மாவின் போன் வந்துவிட்டது.

"மாஸ்டர், கேள்விப்பட்டேன். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அந்தப் புது ஆளை வேண்டாம்னு சொல்லிட்டேன். ஆஸ்பத்திரிக்கு வெள்ளைக் கோட் ஆர்டர் வந்திருக்கு. ரெண்டு வாரத்துல துணி வந்துடும். நீங்கதான் வெட்டணும்."

மாஸ்டர் உண்மையைச் சொல்லத்தான் நினைத்தார். வாயிலிருந்து "சரிம்மா" என்று வந்துவிட்டது.

போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். மனைவி சாப்பாட்டு மேசையில் பழைய போர்வை ஒன்றை நாலாக மடித்து வைத்து, தலையணை உறைக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வாரம் சபையில எழுந்து, தப்பா சொல்லிட்டேன்னு சொல்லிடப் போறேன்" என்றார்.

"என்னன்னு சொல்வீங்க? குடுத்த நன்றியைத் திருப்பிக் குடுங்கன்னு ஆண்டவர்கிட்ட கேப்பீங்களா?"

"கிண்டல் பண்ணாத. குணமாகாத கைக்கு எப்படி நன்றி சொல்றது?"

"குணமாச்சுன்னு நீங்க சொல்லவே இல்லையே. வலது கைன்னுதான் சொன்னீங்க. வலது கை இருக்குல்ல? அதோ தொங்குதே."

மாஸ்டருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கையைத் தோளிலிருந்து தூக்கி, போர்வை மேலேயே தொப்பென்று போட்டார். "இதுவா? இது எதுக்கு ஆகும் சொல்லு. போட்டா போட்ட இடத்துல கிடக்கும். ஆண்டவரே, எனக்கு ஒரு கட்டையைக் குடுத்தீரே, ஸ்தோத்திரம். போதுமா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வேலையைப் பார்க்கலாம் என்று போர்வையின் நுனியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தாள்.

"கையை எடுங்க."

மாஸ்டர் எடுக்கவில்லை. போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்ப இழு" என்றார், குரல் மாறிப்போய்.

"வரலைங்க."

"நல்லா இழு."

அவள் இரண்டு கையாலும் இழுத்தாள். மேசைதான் இம்மியளவு நகர்ந்தது. நாலு மடிப்பும் ஒன்றன் மேல் ஒன்று வைத்தது வைத்தபடி இருந்தன, ஒன்றும் பிசகவில்லை.

துணி வெட்டுவதைப் பற்றித் தெரியாதவர்கள் கத்திரிதான் பெரிது என்று நினைப்பார்கள். கத்திரி எந்தக் கையில் இருந்தாலும் அடுக்கை நகரவிடாமல் அழுத்திப் பிடிக்கிற இன்னொரு கை வேண்டும். அடுக்கு நழுவினால் மேல் துணிக்கும் அடித் துணிக்கும் விரற்கடை வித்தியாசம் வந்துவிடும், சட்டை கோணிக்கொள்ளும். அதற்கு விரல் வேண்டாம். முழங்கையிலிருந்து உள்ளங்கை வரைக்கும் கனமாக, அசையாமல் கிடந்தால் போதும். மாஸ்டரின் வலது கை அதைத்தான் செய்துகொண்டிருந்தது. அதைத் தவிர வேறொன்றும் அதற்குச் செய்யத் தெரியாது. அந்த ஒன்றை அது அபாரமாகச் செய்தது.

அவருக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை மாதமாக அந்தக் கை என்ன செய்யவில்லை என்பதையே எண்ணிக்கொண்டிருந்தாரே தவிர, இருக்கிற கையை ஒரு தடவை பார்த்தாரா?  நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். கேலியாகத்தான் நன்றி சொன்னார். ஆண்டவர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

"அந்தப் பெட்டியை எடு" என்றார் கடைசியில்.

"எந்தப் பெட்டி?" என்றாள், தெரியாதவள் மாதிரி.

"எடும்மா."

அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு துணிக்கும் பாதுகாப்பில்லாமல் போயிற்று. பழைய போர்வைகள் முதல் நாளே போயின. பிறகு ஜன்னல் திரைகள், மேசை விரிப்பு, அசந்த நேரத்தில் புதுத் துண்டு ஒன்று. "மிச்சமிருக்கிறது நான் கட்டியிருக்கிறதுதான்" என்றாள் மனைவி. இடது கை முதலில் முரண்டு பிடித்தது. கோடு ஒரு பக்கம் போனால் கத்திரி ஒரு பக்கம் போயிற்று. கட்டை விரலடியில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்தது.

இன்னொரு பழக்கத்தையும் அவர் ஆரம்பித்தார். காலையில் எதையும் கேட்பதற்கு முன்னால் நன்றி சொல்வது. அவருக்கு அதுவும் இடது கையைப் போலத்தான், பழகாத வேலை. கண்ணை மூடினால் 'ஆண்டவரே, எனக்கு' என்று வாய் தானாகக் கேட்கப் போகும். பிடித்து நிறுத்துவார். தோளுக்கு நன்றி என்பார். முழங்கைக்கு. கையின் கனத்துக்கு. பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு. ஒரு நாள் முழுக்கக் கோணலாகவே வெட்டி, ஆத்திரத்தில் கத்திரியை விட்டெறிந்தார். அன்றைக்கு, அது தன் கால் மேல் விழாததற்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டுப் படுத்தார். மறுநாள் இன்னும் கொஞ்சம் சொல்ல வந்தது. நாளாக ஆக, கேட்கிற பகுதிக்கு வருவதற்குள் நேரம் ஆகிவிட்டது. மனைவி சாப்பாட்டை மூடி வைக்கப் பழகிக்கொண்டாள். இந்த முறை குறுக்கே பேசவில்லை.

துணி வந்துவிட்டது என்று தெரிந்ததும், வேலை நாளுக்கு முன்பே முதலாளியம்மாவைப் பார்க்கப் போனார். உண்மையைச் சொல்லாமல் அந்த மேசையில் கை வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"விரல் வரலைம்மா. சபையில நான் நின்ன நேரம் தப்பு. உங்ககிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும், வாய் வரலை. மன்னிச்சுக்கோங்க."

முதலாளியம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தப் புது ஆளையும் வேண்டாம்னுட்டேனே மாஸ்டர். இப்ப யார் வெட்டுறது?"

"நான்தான். இடது கையால. வீட்டுப் போர்வையெல்லாம் வெட்டிப் பழகியாச்சு."

"இது போர்வை இல்ல. கெட்டுச்சுன்னா மறுபடி துணி வாங்க எனக்கு வழியில்ல."

"தெரியும். முதல் அடுக்கை நீங்களே பக்கத்துல நின்னு பாருங்க. கோணுச்சுன்னா நானே அந்த ஆளைக் கூப்பிட்டு மேசையைக் குடுத்துடறேன்."

காய்த்துப்போன அவருடைய இடது கட்டை விரலைப் பார்த்தார் முதலாளியம்மா. "முதல் அடுக்கு மட்டும்" என்றார்.

மாஸ்டர் வந்த அன்று மெஷின் ஒன்றும் ஓடவில்லை. ஓடுவது மாதிரி பாவனைகூட யாரும் செய்யவில்லை. வெள்ளைத் துணியை மடிப்பு மடிப்பாக விரித்தார். அட்டையை வலது கையால் அழுத்திக்கொண்டு இடது கையால் கோடு போட்டார். கத்திரியை எடுத்து மேசையோரம் நின்றபோதுதான் திகைத்துப்போனார். வலது கைக்காரர் நிற்கிற பக்கத்தில் இடது கையால் கத்திரி போட்டால் அழுத்துகிற கை குறுக்கே வருகிறது. மறுபக்கம் போய் நிற்க வேண்டும். மறுபக்கம் சுவர். வீட்டில் சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து பழகிய மனிதருக்கு இந்தச் சுவர் ஞாபகத்துக்கே வரவில்லை.

அவர் சுவரையே பார்த்தபடி நின்றார். வியர்த்தது.  ஆண்டவரே என்று ஆரம்பித்தவருக்கு, என்ன கேட்பதென்று ஒன்றும் தோன்றவில்லை. இத்தனை தூரம் வந்ததற்கு ஸ்தோத்திரம் என்று மட்டும் மனதுக்குள் சொன்னார். சொல்லிவிட்டுக் கத்திரியைக் கீழே வைத்தார்.

"மேசையை இழுக்கணும்" என்றார் வாய் திறந்து. "என்னால தனியா முடியாது. யாராவது வாங்க."

யாராவது என்றதற்கு எல்லாரும் எழுந்தார்கள். ரேடியோ அக்காதான் முதலில் வந்தாள். தன் வாயால் வந்த வினை என்று அவளுக்கும் உறுத்தல் இருந்திருக்கும். ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். முதலாளியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு முனையைப் பிடித்தார். எத்தனையோ வருஷம் அசையாத மேசை தரையைக் கீறிக்கொண்டு அறையின் நடுவுக்கு வந்தது. அதன் பின்னால் சேர்ந்திருந்த தூசியும் சாக்கட்டித் துண்டுகளும் தொலைந்துபோன பித்தான்களும் வெளிச்சத்துக்கு வந்தன.

மாஸ்டர் மறுபக்கம் போய் நின்றார். வலது கையைத் தோளிலிருந்து தூக்கி, இந்த முறை மெதுவாக, துணி மேல் வைத்தார். கத்திரி உள்ளே போனது. முன்பு போல வேகமில்லை. நேர்க்கோட்டில் போயிற்று, தோள் சரிவில் இறங்கியது, சட்டைக் கை பொருத்துகிற வளைவுக்கு வந்தது. நல்ல ஆட்களே அங்கேதான் சறுக்குவார்கள். கத்திரி திரும்பத் திரும்ப வலது கையும் கூடவே ஊர்ந்து வந்தது. அறையில் துணி வெட்டுபடும் கரகரப்பைத் தவிர வேறு சத்தமில்லை. மறுமுனையில் கத்திரி வெளியே வந்தபோது, தான் நடுவில் எங்கும் நிறுத்தவில்லை என்பதே அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது.

முதலாளியம்மா மேல் துணியையும் அடித் துணியையும் உருவி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஓரம் ஓரத்தோடு பொருந்தியது. வளைவு வளைவோடு பொருந்தியது. திருப்பிப் போட்டுப் பார்த்தார். அப்போதும் ஒரே துணியாகத்தான் தெரிந்தது.  இரண்டையும் ரேடியோ அக்காவிடம் நீட்டினார். அவள் பார்த்துவிட்டுப் பக்கத்து மெஷினுக்குக் கொடுத்தாள், அவள் அடுத்தவளுக்கு. கடைசி மெஷினுக்குப் போய்ச் சேர்வதற்குள் யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள், பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

மாஸ்டர் சிரித்தார், அழுதார், எது எப்போது என்று அவருக்கே தெரியவில்லை. உள்ளங்கை வியர்வையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்த அடுக்கை விரிக்கத் தயாரானார். சாயங்காலம் வேலை முடிந்தபோது வெட்டிய வெள்ளைத் துணி கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது. தைக்கிற பெண்கள் இரண்டு பேர் போவதற்கு முன் மேசையின் விளிம்பைப் பிடித்தார்கள்.

"அம்மா, இதைச் சுவரோட தள்ளிடலாமா? நடக்க இடைஞ்சலா இருக்கே" என்றாள் ஒருத்தி.

முதலாளியம்மா தன் பையை எடுத்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சுத்திப் போங்க. மேசை அங்கேயே இருக்கட்டும். நாளைக்கு மாஸ்டர் எந்தப் பக்கம் நிப்பார்?"